மூன்றாம் குரூப்புக்கு ஓர் உருண்டை வெல்லம்

எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கொடுத்தார்கள். நான் எழுந்து "வணக்கம்" என்றேன், உட்கார்ந்துவிட்டேன். அப்படிப் பார்த்தால் இன்னும் ஒரு வார்த்தை என் பாக்கி. பேச எனக்கு வராது. எழுதிவிடுகிறேன்.

இனி அட்மிஷன் சமயத்தில் வராந்தா மேஜையில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள்தான். உங்களிடம் பெரிய பட்டங்கள் இருக்கின்றன. என்னிடம் இருந்தது எஸ்.எஸ்.எல்.சி. மட்டும். அதனால் படிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த மேஜைக்கு நான் எப்படி வந்தேன், வந்த முதல் வருஷமே எப்படித் திரும்பிப் போகப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். விழா மேடையில் சரித்திரப் பேராசிரியர் ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்ததும், நான் அதை அங்கேயே போட்டு உடைத்ததும் ஏன் என்று அப்போது விளங்கும்.

காலேஜுக்கு வருவதற்கு முன் நான் திருவள்ளூரில் பெருமாள் கோயில் குளத்துக்கு எதிரே ஒரு வெல்லக் கடையில் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்தில் உடம்புக்கு முடியாதவர்கள் வேண்டிக்கொண்டு அந்தக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. அமாவாசை என்றால் கூட்டம் தாங்காது. முழு உருண்டையாகப் போட்டால் கரைய நேரமாகும் என்பதால் கடை வாசலில் ஒரு கல் போட்டிருந்தோம். வாங்குகிறவர்கள் அதில் உடைத்துக்கொள்வார்கள்.

உடைக்கும்போது பேசுவார்கள். "உடம்புக்கு என்ன?" என்று நான் ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம். ஆனால் கல்லில் நாலு தட்டுத் தட்டியதும் மூட்டுவலியில் ஆரம்பித்து மருமகள் வரைக்கும் தானாக வந்துவிடும். கண் என்னைப் பார்க்காது, உருண்டையைப் பார்க்கும். எனக்கு அது வசதி. தலையாட்டுவது மட்டும்தான் என் வேலை.

முதலாளியின் மகன் வளர்ந்து கல்லாவில் உட்கார்ந்தபோது கடையில் ஓர் ஆள் அதிகம் என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த ஆள் யார் என்பதும் புரிந்தது. எனக்கு வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். வாயைத் திறக்கக் கூச்சப்படுகிற, முப்பது தாண்டிய ஒருவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ஊத்துக்கோட்டை சாலையில் புதிதாக ஒரு காலேஜ் வந்தது. கட்டியவர் ரைஸ்மில்காரர். அவர்தான் தாளாளர். அவருடைய மச்சினர் ஒருவர் அமெரிக்கா போய்விட்டு வந்து, அங்கே எந்தப் பையன் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்வதற்கென்றே காலேஜில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், அவருக்கு அகாடமிக் அட்வைசர் என்று பெயர் என்று சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் உண்டு என்றால் நம்மிடம் ஏன் இருக்கக் கூடாது என்று தாளாளர் உடனே விளம்பரம் கொடுத்துவிட்டார். என்ன படித்திருக்க வேண்டும் என்று போட மறந்துவிட்டார். அந்த மறதியை நம்பித்தான் நான் போனேன்.

இன்டர்வியூவுக்கு வந்திருந்தவர்கள் என்னைத் தவிர எல்லோரும் பி.ஏ., எம்.ஏ. என்ன வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் பிரின்சிபாலுக்கே யோசனை சொல்கிற வேலை என்று எண்ணிக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். வராந்தாவில் உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு பேசிப் பிள்ளைகளைச் சேர்க்கிற வேலை என்று தெரிந்ததும் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். சம்பளம் எவ்வளவு என்று தெரிந்ததும் மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். பெஞ்சில் நான் மட்டும் மிஞ்சினேன்.

என் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. தாளாளர் வீட்டில் சொல்லி வைத்திருந்த வெல்லம். "அங்கதானே போற, குடுத்துட்டு வந்துடு" என்று முதலாளி அனுப்பியிருந்தார்.

"இன்னா எக்ஸ்பீரியன்ஸு?" என்று தாளாளர் கேட்டார்.

நான் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, கைல இன்னா?"

"வெல்லம்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

பக்கத்தில் இருந்த பிரின்சிபால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கும்பகோணத்துக்காரர், கண்டிப்பானவர். "ஏன் ஓய், வேலைக்காக வெல்லமா கொண்டு வந்தீர்?"

"உங்க ஊட்ல கேட்டிருந்தாங்க" என்று தாளாளரைப் பார்த்து எப்படியோ சொல்லிவிட்டேன்.

தாளாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பித்தளைப் பேப்பர் வெயிட்டால் உருண்டையை உடைக்க ஆரம்பித்தார். நல்ல கெட்டி வெல்லம். இரண்டு தட்டு தட்டியதும், "எனக்கும் இந்த முட்டி கீதே..." என்றார். முட்டியிலிருந்து மில்லுக்குப் போனார். மில்லிலிருந்து, படிக்காமல் ஊர் சுற்றும் மூத்த மகனுக்குப் போனார். நான் தலையாட்டினேன். "நான் உடைக்கிறேன், இப்படிக் கொடுங்கள்" என்று பிரின்சிபால் வாங்கினார். உடைத்துக்கொண்டே, தமக்குப் பாட்டுப் படிக்கத்தான் ஆசை என்றும், அப்பா அடித்துக் கெமிஸ்ட்ரியில் சேர்த்துவிட்டார் என்றும் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன். நான் வெளியே வந்தபோது உள்ளே தாளாளர் சொன்னது காதில் விழுந்தது.

"ஆளு நல்லாப் பேசறான்யா. போட்டுடலாம்."

போட்டார்கள். ஆனால் தற்காலிகமாகத்தான். அட்மிஷன் முடிந்த பிறகு நிரந்தரமா இல்லையா என்று பார்ப்பார்களாம்.

ஆபீசில் டைப் அடிக்கிற அம்மா ஒருவர் இருந்தார். என்னைவிட இளையவர். ஊத்துக்கோட்டைக்காரர், வீட்டில் தெலுங்கு. தம் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. இந்த வேலையில் எனக்கு ஒரு குரு உண்டென்றால் அவர்தான். எல்லாப் பாடத்தையும் திட்டுகளாகவே நடத்தினார்.

நான் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அமாவாசை வந்தது. கோயிலுக்கு வந்த ஊர்க்காரர்கள், வந்ததோடு வந்ததாகப் பையன் அட்மிஷனையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அடுத்த பஸ்ஸில் காலேஜுக்கு வந்தார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் ஒரே குஷி. "அட, நம்ம வெல்லக்காரரு! நீ இன்னாபா இங்க குந்திக்கினு கீற?" ஓர் அம்மாள் முந்தானையிலிருந்து உருண்டை ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். "எம் புள்ளைக்குக் கணக்கு வர்ல சாமி. எத்தினி அமாவாசை கரைக்கணும்?" அவருக்குப் பின்னால் நின்றவருக்குப் பையனே இல்லை. வரிசையைப் பார்த்து நின்றிருந்தார், முதுகுவலி. மத்தியானத்துக்குள் மேஜை நிறைய வெல்லம். சாயங்காலத்துக்குள் வராந்தா நிறைய எறும்பு.

எறும்பு பிரின்சிபால் அறை வரைக்கும் போனது. அவர் கால் வரைக்கும் போனது. "ஓய், இது காலேஜா, மளிகைக் கடையா? இனி இந்த மேஜையில் வெல்லத்தைப் பார்த்தேன் என்றால் நீர் அந்தக் குளத்தங்கரைக்கே போகலாம்." வெல்லத்தை எல்லாம் அப்புறப்படுத்தும்படி டைப்பிஸ்ட் அம்மாவிடம் சொன்னார். பிறகு வெல்லத்துக்குப் பதிலாக எனக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தார். ஒவ்வொரு பையனையும் "உன் லட்சியம் என்ன?" என்று கேட்க வேண்டும். அதை வைத்துக் குரூப் சொல்ல வேண்டும்.

கேட்டேன். என் காதுக்கே எட்டாத குரலில் கேட்டேன். ஒரு பையன் "டாக்டர்" என்பான், அப்பா தொண்டையைச் செருமியதும் "இன்ஜினீயர்" என்பான். இன்னொருவன், "இன்னா சொன்னா சேத்துக்குவீங்கன்னு சொல்லுங்க சார், அதச் சொல்லிடறேன்" என்றான். அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்தவற்றில் உண்மையான பதில் அது ஒன்றுதான்.

இளையவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் காலேஜில் ஒரு வருஷம் பி.யு.சி. படிக்க வேண்டும். கணக்கு, பௌதிகம், ரசாயனம் சேர்ந்தது முதல் குரூப். டாக்டர் ஆசை உள்ளவர்கள் இரண்டாவது. சரித்திரமும் பொருளாதாரமும் மூன்றாவது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வருகின்றன, இன்னும் நிறைய வரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் எல்லோருக்கும் முதல் குரூப்தான் வேண்டும். மூன்றாம் குரூப் அறையில் புது பெஞ்சுகள் வார்னிஷ் வாசனையோடு சும்மா கிடந்தன.

குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் அந்த வருஷம் மூன்றாம் குரூப் நடக்காது. அட்மிஷனின் கடைசி நாள் காலை, ஒரே ஓர் ஆள் குறைந்தது. தாளாளர் என் மேஜைக்கு வந்தார்.

"பாருபா, இன்னிக்கு மூணாவதுல ஒரு ஆளு வந்துச்சுன்னா நீ இங்க. வர்லன்னா நீ கொளத்தாண்ட. எம்மேல கோச்சுக்காத."

அவர் போனதும் டைப்பிஸ்ட் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நைனா, வர்ற மொதப் பையனாண்ட 'மூணாவது படிச்சா கலெக்டர் ஆவலாம்'னு சொல்லிடு. வாய தொறந்தா முத்து கொட்டிடாது."

சொல்லிப் பார்க்கலாமா என்று எனக்கும் தோன்றியது. வீட்டில் மனைவி அன்று காலைதான், நிரந்தரமானால் சின்னவளையும் பள்ளிக்கூடத்தில் போடலாம் என்று சொல்லியிருந்தாள்.

மத்தியானம் ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லர் நிறைய ஆட்கள். அவர்கள் ஊரிலிருந்து முதன்முதலாக ஒரு பையன் காலேஜில் சேருகிறான், ஊரே கூட வந்துவிட்டது. பையனுடைய அப்பா நெல் வயல்காரர். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"எனக்கு இன்னா சாமி தெரியும்? எங்க ஊட்டுக்காரிக்கு முட்டி வலி உங்க கடை வெல்லத்துலதான் போச்சு. நீங்க எது சொல்றீங்களோ அதுல போடுங்க."

"எங்க போச்சு? அப்டியேதான் கீது" என்றார் அவர் மனைவி.

அந்த அம்மாளுடைய தம்பி, பையனுக்குத் தாய்மாமன், இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பெரிய மீசை, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. "ஃபர்ஸ்ட் குரூப்பு போடு சார்! கும்மிடிப்பூண்டில கம்பெனி கம்பெனியா கேட்டாண்ட நின்னவன் நானு. 'இன்னா படிச்சிக்கீற'ன்னு யாரு சார் கேக்கறான்? வாச்மேன் கேக்கறான் சார், வாச்மேன்! இவன் நாளைக்கு இன்ஜினீயரா உள்ள போவணும், அந்த வாச்மேன் எழுந்து நிக்கணும், நான் பாக்கணும்!"

டிரெய்லர் பக்கமிருந்து விசில்.

பையன் தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் "உன் லட்சியம் என்ன?" என்றேன். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான். அவன் மேஜையின் அந்த ஓரத்தைப் பார்த்தான். நான் இந்த ஓரத்தைப் பார்த்தேன். நேரம் போனது.

"இன்னாடா இது," என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "பொண்ணு பாக்க வந்த மாதிரி ரெண்டு பேரும் தலைய குனிஞ்சிக்கினு கீறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேர்த்தது. தலையைத் தூக்கினேன். கூட்டத்துக்குப் பின்னால், தம் ஜீப்பில் சாய்ந்து நின்றபடி தாளாளர் எனக்கு மூன்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மிகச் சுலபம். அப்பா என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார். பையன் வாயைத் திறக்க மாட்டான். அவன் கணக்கு மார்க்கும் ஆகா ஓகோ என்று இல்லை. "மூணாவது" என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மாமனை மட்டும் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும், டிரெய்லரில் அதற்கு ஆள் இருந்தது.

அப்போது டைப் மிஷின் சத்தம் நின்றது. டைப்பிஸ்ட் அம்மா வெளியே வந்து தம் டிராயரிலிருந்து கொண்டுவந்த ஓர் உருண்டையை என் மேஜையில் டொக்கென்று வைத்தார். பிரின்சிபால் அப்புறப்படுத்தச் சொன்ன வெல்லத்தில் அவர் சாப்பிட்டது போக மிஞ்சியது.

"இந்தா நைனா. உனக்குத் தெரிஞ்ச தொழிலப் பண்ணு. எறும்பு வந்தா நான் பாத்துக்கறேன்."

நான் உருண்டையையும் பேப்பர் வெயிட்டையும் பையன் பக்கம் நகர்த்தினேன். "ஒட" என்றேன்.

அவன் தட்டினான். முதலில் பயந்து பயந்து தட்டினான். ஓரம் சிதறியது. பிறகு இடம் பார்த்துத் தட்டினான். கண் உருண்டையிலேயே இருந்தது. நான் தலையாட்ட ஆரம்பித்தேன்.

"வாத்தியார் பின்னால வந்து நின்னா கை நடுங்கும் சார்" என்றான்.

தட்டினான்.

"பரீச்சைல அதனாலதான் போச்சு. யாரும் பாக்கலன்னா எல்லாம் வரும். ராத்திரி ஊட்ல போட்டா எல்லாம் வரும்."

தட்டினான்.

"கம்பெனிக்கெல்லாம் போவணும்னு இல்ல சார். நீங்க மூணாவதுல போட்டாலும் போறேன். ஆனா அதுல கணக்கு இருக்காதே."

நான் தலையைத் தூக்கினேன். எனக்கும் ஒரு வாத்தியார் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தாளாளருடைய விரல்கள் இன்னும் இறங்கவில்லை.

"முதல் குரூப்" என்றேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. ஒரு காக்கை பறந்து போனது.

தாளாளர் விரல்களை மடக்கிக்கொண்டார். நான் குளத்தங்கரையை நினைத்துக்கொண்டேன். முதலாளி மகனிடம் எப்படிப் போய் நிற்பது, என்ன சொல்லிக் கேட்பது என்று வாக்கியம் தேட ஆரம்பித்தேன்.

வேலையில் இது ஒன்றைக் கவனியுங்கள். தீர்ப்பு சொன்னதும் நாம் எழுந்துவிடுகிறோம், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறோம். நானும் எழுந்திருப்பேன், அந்த வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. அதனால்தான் அடுத்து நடந்ததைப் பார்த்தேன்.

மாமன் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தார். "எல்லாரும் இனிப்பு எடுத்துக்கோங்கபா!" என்று மிச்சப் பாதி உருண்டையை இழுத்து வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் கொடுப்பதற்காக உடைக்க ஆரம்பித்தார். நாலு தட்டு ஆகியிருக்கும். குரல் மாறியது.

"எனக்கும்தான் படிப்பு வந்துது. கணக்கு இல்ல, சரித்திரம். பானிபட்டு சண்டை கீதே சார், நெல்லுக் கட்ட வச்சே காட்டுவேன். இந்தப் பக்கம் பாபரு, அந்தப் பக்கம் லோடி. யான இங்க, பீரங்கி இங்க. களத்துல ஆளுங்க வேலைய வுட்டுட்டு நின்னு கேப்பாங்க." தட்டினார். "மாமாதான் வந்து கட்டெல்லாம் கலைச்சிட்டாரு. பாபரு ஜெயிக்கறதுக்குள்ள."

வயல்காரர் லேசாக இருமினார். பாபரைக் கலைத்தவர் அவர்தான்.

பையனின் அம்மா தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "பொறந்ததுலருந்து இவன் வாய் மூடி நான் பாத்ததில்ல. இத்த மட்டும் எங்கிட்ட சொன்னதே இல்லையேடா!" பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், சரித்திரம் எதுல வருது?"

"மூணாவதுல" என்றார் டைப்பிஸ்ட் அம்மா, எனக்கு முன்னால்.

"போடுங்க இவன."

"அக்கா! எனக்கு மீச வந்து எத்தினி வருசமாச்சு? சின்னப் பசங்ககூட நான் குந்தறதா?"

"மீசைக்குத் தனி ஃபீஸு இல்ல" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "எஸ்.எஸ்.எல்.சி. புக்கு கீதா?"

ரெக்சின் பையில் இருந்தது. கும்மிடிப்பூண்டி வாச்மேன்களுக்குக் காட்டுவதற்காக எப்போதும் கையோடு வைத்திருந்தார். மாமன் பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அக்கா புருஷனைப் பார்த்தார். வயல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போ மச்சான். ஊராவது கொஞ்ச நாள் கம்முனு இருக்கும்" என்றார்.

கையெழுத்துப் போடும்போது மாமனின் கண் கலங்கியது. வெல்லத் தூசி பட்டுவிட்டது என்றார்.

தாளாளர் வந்து மேஜையருகே நின்றார். "நான் சொன்னத நீ கேக்கல. ஆனா பெஞ்சு ரொம்பிச்சு" என்று ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். பிரின்சிபால் கதவைத் திறந்து வெளியே வந்தார். மேஜையைப் பார்த்தார், தரையில் ஊர்வலமாக வந்துகொண்டிருந்த எறும்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் அறையிலிருந்து ஏதோ ராகம் முனகுவது கேட்டது. அந்த வாரமே நான் நிரந்தரமானேன். மேஜைக்குத் தண்ணீர் ஊற்றிய நாலு கிண்ணம் கொடுத்தார்கள், கால்களை அதில் வைப்பதற்கு.

பையன் செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். பரீச்சை அறையில் எந்தப் பிள்ளையின் பின்னாலும் போய் நிற்க மாட்டாராம்.

மாமனை உங்களுக்குத் தெரியும். மீசையை எடுத்துவிட்டார், அதனால் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். மேடையில் என் கையில் பொட்டலத்தைத் திணித்த சரித்திரப் பேராசிரியர் அவர்தான். "ஒடைங்க சார், பேச்சு தானா வரும்" என்று காதில் சொன்னார்.

நானும் நம்பித்தான் உடைத்தேன். முதல் துண்டு முன் வரிசைக்குப் போனது. பெரிய துண்டுகளை நீங்களே ஆளுக்கு ஆள் வாங்கி உடைத்துக்கொண்டீர்கள். பிறகு ஹாலில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? கெமிஸ்ட்ரிக்காரர் தம் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தார். லைப்ரரியன் தாம் உண்மையில் கப்பலில் போக ஆசைப்பட்டவர் என்றார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், இந்த வேலை தனக்கு வருமா என்று பயமாக இருக்கிறது என்றார். நான் பேசவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. மேடையிலிருந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஹாலில் எறும்பு என்று கேள்விப்பட்டேன். வராந்தா மேஜையின் கீழ் டிராயரில் ஓர் உருண்டை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்திலேயே எறும்பு மருந்தும் இருக்கிறது. மாற்றி எடுத்துவிடாதீர்கள்.